இரட்டை எஞ்சின் பரிசோதனைப் போர் விமானமும் அதன் மாதிரியுருவும்: உருவம், உழைப்பு, யதார்த்தம் பற்றிய ஒரு நோக்கு

1

கைத்தொழில் யுகத்தின் பொருள்களை இலக்கிய ஆய்வாளர் தமது கவனத்திற்கு உரியனவாகக் கொள்வது எம்மிடையே அருகியே காணப்படுகிறது. இலக்கியமும் இயந்திரமும் வெவ்வேறு உலகங்களைச் சார்ந்தவை என்னும் எண்ணம் இதற்கு ஒரு காரணமாகும். ஆயின், இரண்டும் மனித உழைப்பின் விளைவுகளே. உருவத்திற்கும் உள்ளடக்கத்திற்கும் உள்ள உறவு பற்றிய பிரச்சினை இரண்டிற்கும் பொதுவானது. இரண்டும் குறிப்பிட்ட சமூக உறவுகளுக்குள் நின்றே ஆக்கப்படுகின்றன.

இக்கட்டுரை சிறியதொரு பொருளை எடுத்துக்கொள்கிறது. 1944ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் முதன்முறை பறந்து, அதே ஆண்டில் எரிந்து அழிந்த இரட்டை எஞ்சின் பரிசோதனைப் போர் விமானம் ஒன்றினை, 72இல் ஒரு பங்கு அளவில் மரத்தினால் அமைக்க நாம் முற்பட்டோம். அம்முயற்சி எவ்வாறு நடைபெற்றது, அதன்வழி எதனை அறிய முடிந்தது, எதனை அறிய இயலாது போயிற்று என்பவற்றை விளக்குவதே ஈண்டு நோக்கமாகும். மாதிரியுருவை ஆக்கும் செயல், பொருளினுள் மறைந்து கிடக்கும் உழைப்பை வெளிக்கொணர்கிறது. முற்றுப்பெற்ற மாதிரியுருவோ அவ்வுழைப்பை மீண்டும் மறைத்துவிடுகிறது. இம்முரண்பாட்டினை விளங்கிக்கொள்வது பிற கலைப்பொருள்களை நோக்குவதற்கும் உதவும் என்பது எமது கருத்து.

2

முதலில் விமானத்தின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். எக்ஸ்பி-67 என்பது அதன் பெயர். 'எக்ஸ்' என்னும் எழுத்து பரிசோதனை நிலையையும், 'பி' என்னும் எழுத்து எதிரி விமானத்தைத் துரத்திச் செல்லும் வகையையும் குறிப்பன. வௌவாலை ஒத்த தோற்றத்தினால் 'மூன்பாட்' என்னும் பட்டப்பெயரும் அதற்கு வழங்குகிறது. மிசூரி மாநிலத்துச் சென். லூயிஸ் நகரில் ஜேம்ஸ் எஸ். மக்டொனல் 1939இல் நிறுவிய கம்பனி இதனை உருவாக்கிற்று. 1940இல் அக்கம்பனி முன்வைத்த முதலாவது திட்டம், உடற்பகுதியினுள் ஒரு பெரிய எஞ்சினை வைத்து, நீண்ட தண்டுகளின் மூலம் இறக்கைகளின் பின்புறத்து விசிறிகளைச் சுழற்றுவதாக இருந்தது. இராணுவம் அதனை ஏற்கவில்லை. திருத்தியமைத்த திட்டத்திற்கு 1941இல், இரண்டு விமானங்களைக் கட்டுவதற்கான ஒப்பந்தம் கிடைத்தது.

இவ்விமானத்தின் தனித்தன்மை அதன் உருவத்திலேயே தங்கியிருந்தது. வழமையான விமானத்தில் உடற்பகுதி, இறக்கை, எஞ்சின் கூடு ஆகியன தனித்தனி உருவங்களாக அமைந்து ஒன்றோடொன்று பொருத்தப்படும். அவை சந்திக்கும் மூலைகளில் காற்றோட்டம் குழம்பி, இழுவைத் தடை மிகுகிறது. எக்ஸ்பி-67ஐ வடிவமைத்தோர் அம்மூலைகளை இயன்றவரை இல்லாதொழிக்க விரும்பினர். இறக்கையின் குறுக்குவெட்டுக்குரிய வளைவினை உடற்பகுதியிலும் எஞ்சின் கூடுகளிலும் தொடரச்செய்து, முழு விமானத்தையும் ஒரே தொடர்ந்த மேற்பரப்பாக்க முயன்றனர். ஆறு 37 மில்லிமீற்றர் பீரங்கிகளைப் பொருத்துவதும், மணிக்கு 472 மைல் வேகத்தை எட்டுவதும் திட்டமாக இருந்தன. பீரங்கிகள் ஒருபோதும் பொருத்தப்படவில்லை. வேகமும் 405 மைலுக்கு மேற்செல்லவில்லை.

காரணம் எஞ்சினில் இருந்தது. கொன்டினென்டல் கம்பனி ஆக்கிய 12 உருளை எஞ்சின்கள் இரண்டு இதற்கெனத் தெரிவுசெய்யப்பட்டன. அவையும் பரிசோதனை நிலையிலேயே இருந்தன. ஒவ்வொன்றும் 1,350 குதிரைவலு தரும் என எதிர்பார்க்கப்பட்டது. கிடைத்ததோ ஏறத்தாழ 1,060 குதிரைவலுவே. 1943 டிசெம்பரில் நிலத்தில் ஓட்டிப் பார்த்தபோதே எஞ்சின் கூடுகள் தீப்பற்றின. 1944 ஜனவரி 6ஆம் திகதி நடைபெற்ற முதற் பறப்பு, எஞ்சின் கோளாறினால் ஆறு நிமிடங்களில் முடிவடைந்தது. அதே ஆண்டு செப்டெம்பர் 6ஆம் திகதி, பறப்பின்போது வலப்புற எஞ்சின் தீப்பற்றியது. விமானி விமானத்தைப் பத்திரமாகத் தரையிறக்கித் தாமும் உயிர் தப்பினார். ஆயின், விமானம் நின்ற நிலையில் காற்று தீயினை உடற்பகுதியை நோக்கியே வீசிற்று. திருத்தமுடியாதவாறு அது எரிந்துபோயிற்று. ஒரு வாரத்தில் திட்டம் கைவிடப்பட்டது. இரண்டாவது விமானம் முடிக்கப்படவேயில்லை.

இதனைத் தனியொரு கம்பனியின் துரதிர்ஷ்டமாகக் கொள்வது பொருந்தாது. உருவம் முன்னேறிச் சென்ற வேகத்திற்கு விசை ஈடுகொடுக்காத நிலையை இங்கு காண்கிறோம். விசிறியைச் சுழற்றும் உருளை எஞ்சின் தனது வளர்ச்சியின் எல்லையை அணுகிக்கொண்டிருந்தது. தாரை எஞ்சின் அதன் இடத்தைப் பெறத் தொடங்கியிருந்தது. இதே கம்பனி கடற்படைக்கென 1943இல் ஆக்கத் தொடங்கிய இரட்டைத் தாரை எஞ்சின் விமானம், எக்ஸ்பி-67 எரிந்து ஐந்து மாதங்கள் ஆகுமுன்னர், 1945 ஜனவரி 26ஆம் திகதி பறந்தது. இழப்பு யாரைச் சார்ந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. பரிசோதனையின் செலவைப் போர்க்கால அரசு, அதாவது வரி செலுத்திய மக்கள், ஏற்றனர். பரிசோதனையினால் விளைந்த அனுபவமோ கம்பனியின் உடைமையாயிற்று. 1967இல் டக்ளஸ் கம்பனியோடும், 1997இல் போயிங் கம்பனியோடும் இணைந்த பெருமூலதனத்தின் இளமைக் காலத்தில் இத்தோல்வியும் ஒரு முதலீடாகவே அமைந்தது.

3

இனி, மாதிரியுருவை அமைக்கும் முறைக்கு வருவோம்.

பெட்டியில் அடைத்து விற்கப்படும் பிளாஸ்டிக் பாகங்களை வாங்கி ஒட்டுவதே இன்று பெருவழக்கு. பிரித்தானியாவில் 1936 முதல் அத்தகைய தொகுதிகள் விற்பனைக்கு வந்துள்ளன. அம்முறையில் உருவம் பற்றிய முடிவுகள் யாவும் அச்சினை வெட்டியவராலேயே எடுக்கப்பட்டுவிடுகின்றன. வாங்குபவரின் உழைப்பு உற்பத்தித் தொடரின் கடைசிக் கண்ணியாகச் சுருங்கிவிடுகிறது. பிரெஞ்சு விமர்சகரான ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுதியில், நவீன விளையாட்டுப் பொருள்கள் குழந்தையைப் படைப்பாளியாக அன்றிப் பயன்படுத்துபவனாகவே ஆக்குகின்றன என வாதிட்டமை இங்கு நினைவுகூரத்தக்கது. இக்காரணம் பற்றியே மரத்தைச் செதுக்கும் பழைய முறையினை நாம் தெரிந்துகொண்டோம்.

விமானத்தின் இறக்கை அகலம் 55 அடி. நீளம் ஏறத்தாழ 44 அடி 9 அங்குலம். 72இல் ஒரு பங்கு என்னும்போது இறக்கை அகலம் 23.3 சதமமீற்றரும், நீளம் 19 சதமமீற்றரும் ஆகின்றன. ஓர் அங்குலம் ஆறு அடிக்கு, அதாவது நெடிய மனிதன் ஒருவனின் உயரத்துக்கு, ஈடாக நிற்கும் அளவு இது. முதலில் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் முன்னிருந்தும் நோக்கிய மூன்று வரைபடங்கள் இவ்வளவில் ஆக்கப்பட்டன. வரைபடங்களை அப்படியே நம்பலாகாது. ஒருவர் வரைந்ததை இன்னொருவர் பிரதிசெய்ய, பிழைகளும் உடன் வழிவழியாக வந்துசேர்கின்றன. ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர் போன்று, வரைபடத்தைக் காலத்துப் புகைப்படங்களோடு வைத்துத் திருத்த வேண்டியிருந்தது.

உடற்பகுதிக்கென இரண்டு மென்மரக் கட்டைகள் நடுக்கோட்டில் ஒட்டப்பட்டன. அவ்வொட்டுக்கோடே இடமும் வலமும் ஒத்திருக்கின்றனவா எனக் காட்டும் அச்சாகும். முதலில் பக்கத் தோற்றத்தையும், பின்னர் மேல் தோற்றத்தையும் வாளால் அறுத்தெடுத்து, மூலைகளைக் கத்தியால் சீவ வேண்டும். அதன்பின் குறுக்குவெட்டு அளவுத்தகடுகள் தேவைப்படுகின்றன. உடற்பகுதிக்கு ஒன்பதும், ஒவ்வொரு எஞ்சின் கூட்டிற்கும் ஐந்துமாக மெல்லிய தகட்டில் அவற்றை வெட்டிக்கொண்டோம். தகட்டின் விளிம்பில் பென்சிற் கரியைப் பூசி மரத்தின்மேல் வைத்து அசைத்தால், மேடான இடங்களில் கரி படியும். அவ்விடத்தை மட்டும் அரத்தால் தேய்த்து மீண்டும் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு வளைவு தகட்டோடு பொருந்துவதற்கு இதனை இருபது, முப்பது தடவைகள் செய்ய நேரிடுகிறது.

சாதாரண விமானமாயின் வேலை இத்துடன் பெரும்பாலும் முடிந்துவிடும். எக்ஸ்பி-67இல் கடினமான வேலை இங்கேதான் தொடங்குகிறது. உடற்பகுதி எங்கே முடிந்து இறக்கை எங்கே தொடங்குகிறது என்று காட்டும் கோடு எதுவுமில்லை. இறக்கைகளையும் எஞ்சின் கூடுகளையும் பித்தளைக் கம்பிகளால் உடலோடு இணைத்தபின், சந்திப்புகள் யாவற்றையும் பட்டி கொண்டு நிரப்பிக் குழிவான வளைவுகளாக்க வேண்டியிருந்தது. தடிப்பாகப் பூசிய பட்டி உலரும்போது வெடிக்கும். ஆதலின் மெல்லிய படைகளாகப் பூசி, ஒவ்வொன்றும் காய்ந்தபின் உருண்டைக் குச்சியில் சுற்றிய மணற்கடதாசியால் தேய்த்தோம். இவ்வொரு வேலைக்கே ஐந்து வாரங்கள் சென்றன.

நூல்களில் படித்த ஒன்றினைக் கை வழியாக விளங்கிக்கொண்டது இக்கட்டத்திலேயாகும். எஞ்சினைக் குளிர்விக்கும் காற்று, எஞ்சின் கூட்டின் முன்விளிம்பிலுள்ள வாய்களின் ஊடாகவே உட்செல்ல வேண்டும். வெளிவளைவினை வழுவழுப்பாக்கிக்கொண்டு போகுந்தோறும் அவ்வாய்களுக்குரிய இடம் குறுகிக்கொண்டே வந்தது. புறத்தே காற்றுக்கு இசைவான உருவம், அகத்தே எஞ்சினுக்கு வேண்டிய காற்றோடு மோதுகிறது. குளிர்விப்புக் காற்றோட்டத்தில் குறைபாடு உண்டு என்பதைக் காற்றுச் சுரங்கச் சோதனைகள் முன்னரே காட்டியிருந்தன. அக்குறைபாடு முற்றாக நீங்கவேயில்லை. வடிவமைத்தோர் அறியாமையினால் தவறிழைத்தனர் என்று முடிவுசெய்வது இலகு. அவர்கள் எதிர்நோக்கிய இக்கட்டினை, அரத்தைக் கையிற் பிடித்தவர் அவ்வளவு இலகுவாக எள்ளிநகையாட மாட்டார்.

எமது தவறொன்றையும் இங்கு குறிப்பிடுதல் தகும். நான்கு அலகுகள் கொண்ட விசிறிகள் இரண்டினையும் ஒரே திசை முறுக்கோடு செதுக்கிவிட்டோம். உண்மை விமானத்தில் அவை எதிரெதிர்த் திசைகளிற் சுழல்வன. ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பமாக அமைய வேண்டும். எட்டு அலகுகளுள் நான்கினை மீண்டும் செதுக்க நேர்ந்தது. விமானி இருக்கையின் கண்ணாடி மூடி, சூடேற்றி இளகச்செய்த ஒளிபுகு தகட்டினை மரக்கட்டை அச்சின்மேல் அழுத்தி இழுத்துப் பெறப்பட்டது. மூக்கின் கீழ் ஒரு சில்லும் பின்னே இரண்டு சில்லுகளும் கொண்ட விமானமாதலின், மூக்கினுள் ஈயத்துண்டு வைக்காதுவிடின் மாதிரியுரு வால் பக்கமாகச் சாய்ந்துவிடும். நிற்கும் நிலையைப் பெறுவதற்கு உண்மை விமானத்தில் இல்லாததோர் எடையை உள்ளே மறைத்துவைக்க வேண்டியிருக்கிறது.

4

அளவினைச் சுருக்குதல் என்பது வெறும் வகுத்தற் கணக்கன்று. நீளம் 72இல் ஒரு பங்காகும்போது, பரப்பு 5,184இல் ஒரு பங்காகவும், கனவளவு 3,73,248இல் ஒரு பங்காகவும் குறைகின்றன. உலோகத் தகடுகளைப் பிணைக்கும் தறையாணியொன்றின் தலை ஐந்து மில்லிமீற்றர் எனக் கொள்வோம். மாதிரியுருவில் அது 0.07 மில்லிமீற்றர் ஆகும். தகடுகளுக்கிடையே ஒரு மில்லிமீற்றர் இடைவெளி இருப்பின், அது 0.014 மில்லிமீற்றராகி, கண்ணுக்குப் புலனாகாது மறைந்துவிடும்.

மறைவது எது என்பதைச் சிந்தித்தல் வேண்டும். உருவத்தை வகுத்த பொறியியலாளரின் வளைவு எந்த அளவிலும் எஞ்சி நிற்கிறது. தறையாணியை அறைந்த தொழிலாளியின் சுவடோ அளவு குறைந்தவுடன் இல்லாமற் போகிறது. போர்க்காலத்து அமெரிக்க விமானத் தொழிற்சாலைகளில் இலட்சக்கணக்கானோர், அவர்களுள் பெருந்தொகையான பெண்கள், இவ்வேலையைச் செய்தனர். கம்பனி உரிமையாளரின் பெயரும் விமானியின் பெயரும் நூல்களில் உள்ளன. தகடு பொருத்தியோர் பெயர்கள் அங்கு இல்லை. கணிதத்தின் துல்லியமும் வரலாற்றின் மறதியும் இவ்விடத்து ஒன்றுபடுகின்றன.

ஆதலின் மாதிரியுரு அமைப்போர் ஓர் உபாயத்தைக் கைக்கொள்கின்றனர். தகட்டு இணைவுக் கோடுகளைக் கணக்குப்படி இருக்க வேண்டிய அகலத்தினும் பன்மடங்கு அகலமாகக் கீறி, அவற்றில் கருஞ்சாயம் ஊட்டுகின்றனர். அளவுக்கு இது மாறானது. ஆயினும், உலோகத் தகடுகள் மனிதக் கைகளால் இணைக்கப்பட்டன என்னும் உண்மை இம்மிகையினாலேயே வெளிப்படுகிறது. இலக்கிய மாணவருக்கு இது பழகிய பிரச்சினையாகும். ஜோர்ஜ் லூக்காச் 1936இல் எழுதிய கட்டுரையில், விவரங்களை ஒன்றுவிடாது அடுக்கும் இயற்பண்புவாத வருணனைக்கும், வாழ்வின் இயக்கத்தைப் புலப்படுத்தும் யதார்த்த எடுத்துரைப்பிற்கும் உள்ள வேறுபாட்டினை விளக்கினார். அளவுகோல் வழுவாத மாதிரியுரு தகட்டினை மழுப்பிவிடுகிறது. அளவினை அறிந்தே மீறும் மாதிரியுரு உழைப்பின் தடத்தைக் காட்டுகிறது. எதனை மிகைப்படுத்துவது, எதனை விடுவது என்னும் தெரிவில்தான் ஆக்குவோனின் உலகநோக்கு வெளிப்படுகிறது.

எனினும் மாதிரியுருவின் எல்லையையும் மறத்தலாகாது. அது உருவத்தைத் தருகிறது, விசையைத் தருவதில்லை. எக்ஸ்பி-67 தோற்றது விசையிலும் வெப்பத்திலுமாகும். மரத்தில் அவ்விரண்டிற்கும் இடமில்லை. எனவே, தோல்வியுற்ற விமானத்தின் மாதிரியுரு மேசைமீது வெற்றிபெற்ற ஒன்றுபோலவே காட்சி தருகிறது. பார்த் அதே தொகுதியில் புதிய மோட்டார் கார் ஒன்றைப் பற்றி எழுதுகையில், இணைப்பின் தடங்களை மறைக்கும் வழுவழுப்பு ஒரு பொருளை மனிதக் கையால் ஆகாத தெய்விகப் பொருளாகத் தோன்றச் செய்வதை எடுத்துக்காட்டினார். ஐந்து வாரங்கள் பட்டி பூசித் தேய்த்தபின் எமது மாதிரியுருவும் அவ்வாறே தோன்றிற்று. எமது உழைப்பு முற்றுப்பெற்றபோது, உழைப்பு நடந்தமைக்கு அடையாளமே இல்லாதிருந்தது. பண்டத்தின் மாய்மாலம் பற்றி மார்க்ஸ் கூறியதை விளக்குவதற்கு இதனினும் சிறிய உதாரணம் தேவையில்லை.

5

விமான மாதிரியுருக்கள் போருக்கு வெளியே நின்ற பொழுதுபோக்காகவே இருந்தன என்று எண்ணுவதும் தவறாகும். 1942இல் ஐக்கிய அமெரிக்கக் கடற்படை, நாடெங்கிலுமுள்ள பாடசாலை மாணவர்களிடம் 5,00,000 மாதிரியுருக்களைச் செய்து தருமாறு கோரியது. அவையும் 72இல் ஒரு பங்கு அளவினவே. மரத்தில் செதுக்கிக் கரும்பூச்சுப் பூசிய அவ்வுருக்களைக் கொண்டு, நட்பு விமானம் எது, பகை விமானம் எது எனப் படைவீரர் இனங்காணப் பயிற்றப்பட்டனர். 35 அடி தூரத்தில் பிடித்த மாதிரியுரு, 2,520 அடி தூரத்தில் வரும் உண்மை விமானத்தின் தோற்றத்தைத் தரும். சிறுவர்களின் கைவேலை துப்பாக்கியின் இலக்குப் பயிற்சிக்குப் பயன்பட்டது. இன்று கடைகளில் காணும் 72இல் ஒரு பங்கு என்னும் அளவு அதற்கு முன்னரே, 1930களில், பிரித்தானிய மர மாதிரியுருக்களில் வழக்கிற்கு வந்ததெனினும், அதனைப் பரவலாக்கியதில் போருக்குப் பெரும் பங்குண்டு.

இந்நிலையில் எம்மிடம் கேட்கப்படும் கேள்வி நியாயமானது. 2009இல் முடிவுற்ற போரின்போது வளர்ந்த எமது தலைமுறையினருள் பலர், விமானத்தை உருவமாக அறியுமுன்னர் ஓசையாக அறிந்தவர்கள். ஓசை கேட்டதும் பதுங்குகுழிக்குள் இறங்கியவர்களுக்குப் போர் விமானத்தின் வளைவுகளை வியப்பதற்கு என்ன இருக்கிறது? வேலை நடந்துகொண்டிருந்த நாள்களில் வீட்டிலிருந்த முதியவர் ஒருவர், "இதையேன் தம்பி வீட்டுக்குள்ள வைச்சிருக்கிறாய்?" என்று வினவினார். அவருக்கு உடனே விடைகூற எம்மால் இயலவில்லை. போரினை அழகுப் பொருளாக்குவதே பாசிசத்தின் கலைக் கொள்கை சென்றடையும் முடிவு என வால்டர் பெஞ்சமின் 1936இல் எச்சரித்தார். போர் விமானத்தைப் பளபளப்பாக்கிக் கண்ணாடிப் பேழையில் வைப்போர் யாவரும் அவ்வெச்சரிக்கையை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

விமானத்தைப் பாராதிருப்பது அதற்கு விடையாகாது. கீழிருந்து அஞ்சிப் பார்த்த பொருளைக் கையிலெடுத்து, அது எவ்வாறு, யாரால், யாருடைய பணத்தில், எத்தகைய முரண்பாடுகளோடு ஆக்கப்பட்டது என அறிவது அச்சத்தினைக் குறைக்கும். வானத்திலிருந்து வந்ததுபோல் தோன்றியது தொழிற்சாலையிலிருந்து வந்தது, மனிதரால் ஆக்கப்பட்டது, ஆதலின் மனிதரால் ஆக்கப்படாதுவிடவும் கூடியது. இவ்வறிவினைத் தருமாயின் மாதிரியுரு பயனுடையது. தராதாயின், அம்முதியவரின் கேள்வியே சரியானது.

6

இக்காரணங்களால் எமது மாதிரியுருவினை முற்றாக முடிப்பதில்லை எனத் தீர்மானித்தோம். இடப்புறம் முழுவதும் தேய்த்து வண்ணம் பூசப்பட்டுள்ளது. வலப்புறத்தில், அதாவது உண்மை விமானத்தில் தீப்பற்றிய எஞ்சின் இருந்த பக்கத்தில், மரத்தின் வரிகளும், பட்டியின் படைகளும், அளவுத்தகடு வைத்த இடங்களைக் குறித்த பென்சிற் கோடுகளும் அவ்வாறே விடப்பட்டுள்ளன. போட்டியொன்றிற்கு அனுப்பின் இதற்குப் பரிசு கிடைக்காது.

இலக்கிய ஆய்விலும் இதற்கு ஒப்பான கடமை உண்டு. முற்றுப்பெற்ற நூலின் வழுவழுப்பினை வியப்பதோடு நில்லாது, அதன் ஆக்கத்திற் கைவிடப்பட்ட வரைவுகளையும், அச்சுக்கோத்தோரின் உழைப்பையும், நிறைவேறாத முயற்சிகளையும் வரலாற்றினுள் கொண்டுவருதல் வேண்டும். வென்றவற்றின் வரிசையை மட்டும் வரலாறெனக் கொள்வோர்க்கு, வெற்றி எவ்வாறு சாத்தியமாயிற்று என்பதும் விளங்காது. எக்ஸ்பி-67 ஓர் ஆண்டுகூடப் பறக்கவில்லை, எவரையும் கொல்லவுமில்லை. மாதிரியுரு இப்போது எமது எழுதுமேசையின் ஓரத்தில் நிற்கிறது. அம்முதியவர் அண்மையில் அதன் வலப்பக்கத்தைத் தடவிப் பார்த்து, இது என்ன மரம் என்று கேட்டார்.